கண்ணாடிக்குக் கயிறு நாமே கட்டுவது: கம்பியில் பிடிப்பு நிற்க மாட்டேன் என்கிறது

வைண்டிங்கடை:

வணக்கம். மோட்டார் வைண்டிங் வேலை. ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி) மேல் குனிந்து காயில் (கம்பிச் சுருள்) இறக்கும்போது கண்ணாடி மூக்கை விட்டு நழுவுகிறது. கழுத்துக் கயிறு ஒன்றை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று இறங்கினால், கயிறு கம்பியில் நிற்க மாட்டேன் என்கிறது.

அளவு எல்லாம் சொல்லிவிடுகிறேன். மெட்டல் பிரேம், பிளாஸ்டிக் லென்ஸ், பைஃபோக்கல் (மேல் பாதி தூரத்துக்கு, கோட்டுக்குக் கீழே கிட்டத்துக்கு), எடை 27 கிராம். காதுக் கம்பியின் கடைசியில் கறுப்பு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அகலம் 4 மி.மீ., கனம் 3 மி.மீ., நுனியை நெருங்க நெருங்கக் கொஞ்சம் ஒடுங்குகிறது. கயிறு 2 மி.மீ. சாட்டின், பளபளப்பானது. நுனியில் சாதாரண உருவாஞ்சுருக்கு போட்டு எவ்வளவு இறுக்கினாலும் சற்று நேரத்தில் கழன்று வந்துவிடுகிறது.

கேள்விகள்: கம்பியில் பிடிப்பு எப்படி? எவ்வளவு நீளம் வெட்டுவது? குனியும்போது தலையோடு ஒட்டியும், மற்ற நேரம் நெஞ்சில் தொங்கியும் இருக்கிற மாதிரி ஒரே கயிற்றில் முடியுமா? கடையில் ஸ்லீவ், கட்டு நூல், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) எல்லாம் கைவசம் உண்டு. அவ்வப்போது டிரில்லிங் மெஷினும் ஓட்டுவேன்.

முடிச்சுப்பெட்டி:

இந்த வேலையில் சிரமமான இடம் ஒன்றே ஒன்றுதான். கம்பியும் கயிறும் சேருகிற அந்த ஒன்றரை சென்டிமீட்டர். மீதியெல்லாம் சும்மா தொங்குகிற சமாச்சாரம். 27 கிராமைத் தாங்கத் தையல் நூலே போதும். அதனால் பலமான கயிறு தேட வேண்டாம், வழுக்காத கயிறு தேடுங்கள்.

உங்களிடம் மூன்று வழுக்கல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. சாட்டின் வழுக்கும், கம்பி உறை வழுக்கும், போதாததற்கு நுனி ஒடுங்குகிறது. சுருக்கு ஒரு மயிரிழை நுனிப் பக்கம் நகர்ந்தால் அந்த இடத்தில் கம்பி சிறுத்திருக்கும். உடனே சுருக்கு தளரும், தளர்ந்ததும் இன்னும் நகரும். எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. நுனி துடுப்பு மாதிரி அகன்று முடிகிற தடித்த பிளாஸ்டிக் பிரேம் என்றால் அகலத்துக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கத்தில் வெறும் சுருக்கைப் போட்டாலே போதும், உங்கள் பிரேமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சைக்கிள் கடையில் வால்வ் ட்யூப் கேளுங்கள். பழைய மாதிரி வால்வுக்குள் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய். அதில் 15 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும், கத்தரி பிசிறு விட்டால் அந்தப் பிசிறிலிருந்துதான் பிறகு கிழியும், பிளேடு நல்லது. கம்பி முனையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ட்யூபைத் திருகித் திருகி ஏற்றுங்கள். எண்ணெய் தடவி ஏற்றக் கூடாது. ட்யூப் நிற்க வேண்டிய இடம் காதின் பின்வளைவு முடிந்த பிறகு, நுனியிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி. வளைவின் மேலேயே ஏற்றினால் காது மடலின் பின்புறம் சிவந்து புண்ணாகும். சோப்பு காய ஒரு ராத்திரி விடுங்கள். ஈரம் இருக்கும்போதே இழுத்துப் பார்த்துவிட்டு "இதுவும் வழுக்குது" என்று சொல்லாதீர்கள்.

இந்த ரப்பர் மேல்தான் சுருக்கு. அதிலும் சாதாரண உருவாஞ்சுருக்கு வேண்டாம், இரட்டைச் சுற்றுச் சுருக்கு போடுங்கள். கயிற்று நுனியில் 12 செ.மீ. விட்டு மடித்தால் ஒரு கண்ணி வரும். குறுமுனையை நெடுங்கயிற்றின் மேல் இரண்டு சுற்று சுற்றுங்கள், சுற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். பிறகு குறுமுனையை அந்த இரண்டு சுற்றுக்கும் அடியில், நெடுங்கயிற்றை ஒட்டினாற்போல் நுழைத்து வெளியே எடுங்கள். முதலில் குறுமுனையை இழுத்து முடிச்சை முழுதாக இறுக்குங்கள். அதன் பிறகுதான் கண்ணியை ரப்பர் மேல் மாட்டி நெடுங்கயிற்றை இழுத்துக் கண்ணியைச் சுருக்க வேண்டும். வரிசை மாறினால் முடிச்சு அரைகுறையாக இறுகி, நாலு நாளில் தளர்ந்துவிடும். முடிச்சு கம்பியின் அடிப்பக்கம் வரட்டும். பக்கவாட்டில் வந்தால் தலையணையில் சாயும்போது குத்தும்.

கயிறு: சாட்டினைத் தூக்கிப் போடுங்கள். தையல் பொருள் கடையிலோ ஜன்னல் பிளைண்ட்ஸ் பொருத்துகிறவர்களிடமோ கிடைக்கும் 1.5 முதல் 2 மி.மீ. பின்னல் பாலியஸ்டர் கயிறு, மேல்பரப்பு மங்கலாக இருப்பது. நைலானும் பரவாயில்லை, ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி நீளும், வியர்வையில் நனைந்து காய்ந்து நனைந்து முடிச்சு தளரும். பருத்தி நூல் கயிறு கழுத்துக்குச் சுகம், அழுக்கும் நாற்றமும் சீக்கிரம் ஏறும், வாராவாரம் துவைக்க மனசிருந்தால் அதுவே போடலாம்.

நீளம்: நெஞ்சில் தொங்க, கம்பி முனையிலிருந்து முனை வரை 65 முதல் 70 செ.மீ. வேண்டும். இரண்டு சுருக்குக்கும் 12, 12 சேர்த்தால் 94. ஒரு மீட்டர் வெட்டிவிடுங்கள்.

தலையோடு ஒட்டவும் தொங்கவும் ஒரே கயிறு: முடியும். கயிற்றின் நடுவை மடித்து, இரண்டு இழையையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு நகரும் முடிச்சு போட வேண்டும். மேலே தள்ளினால் தலையோடு ஒட்டும், மிச்சக் கயிறு முதுகுப் பக்கம் வளையமாகத் தொங்கும். கீழே இறக்கினால் மொத்த நீளமும் கிடைக்கும். பழைய ஜெர்கின் தொப்பியில் இருக்கிற ஸ்பிரிங் பூட்டைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் பிடரியில் ஒரு கட்டி மாதிரி உறுத்தும். நூலிலேயே போட்டுவிடலாம்.

1 மி.மீ. கயிறு 25 செ.மீ. எடுங்கள். டெட்ரா பேக் ஜூஸோடு வருகிற மெல்லிய ஸ்ட்ராவில் 4 செ.மீ. வெட்டி, இரண்டு இழையோடும் சேர்த்துப் பிடியுங்கள். சிறு கயிற்றை ஸ்ட்ராவோடு படுக்கவைத்து, ஒரு பக்கம் 8 செ.மீ. வால் விடுங்கள். நீளமான பக்கத்தால் ஸ்ட்ரா, இரண்டு இழை, தன் வால் எல்லாவற்றையும் சேர்த்து, வால் நீட்டியிருக்கும் திசையை நோக்கி ஐந்து சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்றி முடித்த முனையை ஸ்ட்ராவுக்குள் விட்டு, சுற்று தொடங்கிய பக்கமாக வெளியே எடுங்கள். சுற்றுகளை விரலால் அமுக்கிக்கொண்டு ஸ்ட்ராவை உருவி, இரண்டு முனையையும் எதிரெதிராக இழுங்கள். தூண்டில்காரர்கள் நரம்பை நரம்போடு சேர்க்கப் போடுகிற முடிச்சுதான் இது. கையால் தள்ளினால் நகர வேண்டும், தானாக இறங்கக் கூடாது. தானாக இறங்கினால் ஒரு சுற்று கூட்டுங்கள், கல்லாக இறுகிவிட்டால் ஒரு சுற்று குறையுங்கள்.

வெட்டிய நுனிகளில் 4 மி.மீ. விட்டு லைட்டரின் நீலச் சுடரை ஓரமாகக் காட்டி, ஸ்பூனின் பின்புறத்தால் அமுக்குங்கள். விரலால் அமுக்காதீர்கள், உருகிய பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். உருகி முள் மாதிரி நீட்டிக்கொண்டால் நகவெட்டியால் நறுக்கித் திரும்பக் காட்டுங்கள், இல்லையென்றால் நாள் முழுக்கக் கழுத்தைச் சுரண்டும்.

கண்ணாடி கயிற்றில் இருக்கும்போது இந்த லைட்டர் வேலை கூடவே கூடாது. ஃபெவிக்விக் மாதிரி பசையும் அப்படித்தான். அதன் ஆவி லென்ஸ் மேல் வெள்ளையாகப் படியும், கயிறும் அந்த இடத்தில் குச்சியாகிவிடும்.

கறுப்புடேப்:

மேலே சொன்ன முறை சரி. வால்வ் ட்யூபில் மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. நம்ம ஊர்ல தலைக்கு எண்ணெய் வைக்காதவங்க எத்தனை பேர்? காதுக்குப் பின்னால எப்பவும் எண்ணெய்ப் பசை இருக்கும். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடிச்சு ஊதும், அப்புறம் கொழகொழன்னு ஆகி ஒரு நாள் பிய்ஞ்சு வரும். மலிவுதான், அடிக்கடி மாத்தலாம், ஆனா எப்ப பிய்யும்னு சொல்ல முடியாது.

நீங்க வைண்டிங் கடையில இருக்கீங்க, ஹீட் ஷ்ரிங்க் கையில இருக்கு. 6 மி.மீ. ட்யூப் எடுங்க. 2:1 வகைன்னா முழுசா சூடு பண்ணினா 3 மி.மீ. வரைக்கும் சுருங்கும், உங்க கம்பிக்குச் சரியா உட்காரும். 30 மி.மீ. துண்டு ரெண்டு.

கயிற்று நுனியில ஒரு ஒத்தை முடிச்சு போட்டு, முடிச்சு ட்யூபுக்குள்ள 12 மி.மீ. போற மாதிரி வைங்க. முடிச்சு இல்லாம வெறும் கயிறை வெச்சுச் சுருக்கினா உருவிட்டு வந்துடும், ட்யூபோட உட்புறம் வழவழப்பு. மறு பாதிக்குள்ள உங்க கம்பி மாதிரியே ஒரு குச்சி நுழைக்கணும். மூங்கில் குச்சியை 4க்கு 3 மி.மீ. தேய்ச்சுக்கலாம், கம்பியை விட ஒரு மயிரிழை சின்னதா இருந்தா பிடிப்பு நல்லா வரும். இப்ப ஹாட் ஏர் கன், இல்லேன்னா சால்டரிங் அயர்னோட தண்டுப் பகுதியைக் கிட்டக் காட்டிச் சுருக்குங்க. கயிற்றுப் பக்கம் ஆரம்பிச்சு கம்பிப் பக்கம் வாங்க. ஹேர் டிரையர் பெரும்பாலும் பாதியில நின்னுடும், சூடு பத்தாது. ஆறினதும் குச்சியை உருவிட்டு, கம்பியில அழுத்தி ஏத்துங்க.

எவ்வளவு அவசரமா இருந்தாலும் கண்ணாடியிலேயே மாட்டி வெச்சுச் சூடு காட்டாதீங்க. ட்யூப் முழுசாச் சுருங்க 100 டிகிரியைத் தாண்டணும். கம்பி முனை உறை அதுக்கு முன்னாடியே இளகிடும், லென்ஸ் மேல இருக்கிற கோட்டிங்கும் சூட்டுல வலை வலையா வெடிக்கும்.

இன்னொண்ணு, கடையில இருக்குன்னு வார்னிஷ் போட்ட ஃபைபர் கிளாஸ் ஸ்லீவை இதுக்கு எடுத்துடாதீங்க. அது விரியவும் விரியாது, சுருங்கவும் சுருங்காது. வெட்டின ஓரத்துல கண்ணாடி இழை உதிர்ந்து கழுத்து முழுக்க அரிக்கும். மோட்டாருக்கு நல்ல பொருள், கழுத்துக்கு இல்ல.

ஓரமாப்போறவன்:

எதுக்கு இவ்வளவு? பாராகார்ட்ல (பாராசூட் கயிறு) ஒரு மீட்டர் வாங்கி உள்ளே இருக்கிற இழையை உருவிட்டு, வாயைத் திறந்து கம்பியைச் சொருகினா வேலை முடிஞ்சுது.

முடிச்சுப்பெட்டி:

ஓரமாப்போறவன் சொல்வது மெல்லிய மெட்டல் கம்பிக்கு நல்ல யோசனை, ஒற்றை வரியில் விட்டுவிட்டாரே என்றுதான் வருத்தம். பாராகார்டின் மேலுறை ஒரு பின்னல் குழாய். இழுத்தால் குறுகி உள்ளே இருப்பதைக் கவ்வும், தள்ளினால் விரியும். அதனால் ரப்பர் இல்லாமலேயே பிடிக்கும். 4 மி.மீ. பாராகார்டின் உள்ளே ஏழு இழை இருக்கும். ஏழையும் உருவிவிடுங்கள். விட்டுவைத்தால் மீட்டருக்கு 6, 7 கிராம், உங்கள் கண்ணாடியின் எடையில் கால் பங்கு. அந்தக் கனம் கம்பி நுனியைப் பின்னால் கீழே இழுக்கும், காது நடுவில் நிற்க, முன்பக்கம் மூக்கிலிருந்து தூக்கும். கயிறு விறைப்பாக இருந்தாலும் இதே கதைதான், அண்ணாந்து பார்த்தால் சட்டைக் காலர் கயிற்றைத் தள்ளும், கயிறு கம்பியைத் தள்ளும், பைஃபோக்கலின் கோடு கண்ணுக்கு நேரே ஏறிவிடும்.

செய்முறையில் ஒரு திருத்தம். வெட்டிய வாயை உருக்கினால் ஓட்டை அடைத்துக்கொள்ளும், உருக்காவிட்டால் பின்னல் அவிழும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்டி, டேப்பின் நடுவில் வெட்டி, உள்ளே ஓர் ஆணியை விட்டுக்கொண்டு விளிம்பை மட்டும் லேசாகச் சுடருக்குக் காட்டுங்கள். பிறகு கம்பியை 4 செ.மீ. உள்ளே செலுத்தி, வாயிலிருந்து 5 மி.மீ. தள்ளி உங்கள் கட்டு நூலால் எட்டுச் சுற்று கட்டிவிடுங்கள். கட்டவில்லை என்றால் கழற்றி மாட்டும்போது விரல் பட்டுப் பட்டுப் பின்னல் பின்னுக்குத் தள்ளப்பட்டு விரிந்துகொள்ளும்.

தச்சுப்பட்டறை:

கேள்வியின் கடைசி வரியை எல்லோரும் தாண்டிவிட்டீர்கள். டிரில்லிங் மெஷின் ஓட்டுவேன் என்கிறார்.

சுற்றுகிற சக் (டிரில் பிட்டைக் கவ்வுகிற பகுதி) முன்னால் குனிகிறவர் கழுத்தில் தொங்குகிற எதுவும் இருக்கக் கூடாது. சட்டையின் தொங்கல் கை, துண்டு, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றுக்கும் உள்ள அதே விதி. முதுகில் தொங்குகிறதே, முன்னால் வராதே என்று நினைக்க வேண்டாம், குனிந்தால் அந்த மிச்ச வளையம் தோள் வழியாக முன்னுக்கு வரும். பாராகார்டை 550 என்று விற்பது அது தாங்கும் பவுண்டுக் கணக்கு, அதாவது சுமார் 250 கிலோ. அறுந்து உங்களைக் காப்பாற்றும் என்ற பேச்சே இல்லை. முடிச்சுப்பெட்டி சொன்ன இரட்டைச் சுற்றுச் சுருக்கும் இழுக்க இழுக்க இறுகும், பின்னல் குழாயும் அப்படியே. அவை கண்ணாடி விழாமல் பார்த்துக்கொள்ளும், கழுத்தை அல்ல.

மெஷினுக்குத் தனியாக ஒரு குட்டைக் கயிறு வைத்துக்கொள்ளுங்கள். நகரும் முடிச்சு இல்லை, தொங்கும் வால் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நூலால் ஒரு கம்பி முனையிலிருந்து பின்மண்டை வழியாக மறு முனை வரை அளந்தால் பெரும்பாலும் 20 முதல் 25 செ.மீ. வரும். அதோடு ஒரு செ.மீ. தளர்வு, அவ்வளவுதான். பிடிப்புக்கு, கறுப்புடேப் சொன்ன மாதிரி அழுத்தி ஏற்றுகிற குழாய் மட்டும். சுருக்கு கூடாது. அழுத்தி ஏற்றிய குழாய் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

எந்த அளவில் உருவ வேண்டும் என்பதைத் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பார்க்கலாம். பிரேமைப் பிடிக்காமல் கம்பியின் முனைப் பகுதியை விரலால் பிடித்துக்கொண்டு (பிரேமைப் பிடித்தால் கீல் வளையும்) கயிற்றில் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். 200 மி.லி. தண்ணீருக்கு நிற்க வேண்டும். ஒரு லிட்டருக்கு உருவ வேண்டும். 200க்கே வந்துவிட்டால் குழாய் கம்பி மேல் இன்னும் 5 மி.மீ. ஏற வேண்டும். ஒரு லிட்டருக்கும் அசையவில்லை என்றால் குழாயை வெட்டிக் குறையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கவாட்டில் திறந்து கிடக்கிறது. கண்ணாடிக்கு மேலேயே போடுகிற பெரிய காகிள்ஸ் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதைப் போட்டால் உள்ளே இருக்கும் கண்ணாடியும் நகராது, டிரில்லிங் நேரத்தில் கயிறே தேவைப்படாது.

வைண்டிங்கடை:

அனைவருக்கும் நன்றி. ஹீட் ஷ்ரிங்க் செய்து பார்த்தேன், பிடிக்கிறது. ஒரு சந்தேகம்: இடது பக்கம் மட்டும் கம்பியிலேயே மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டு, கயிறு காதுக்கு மேலே போய் நிற்கிறது. வலது பக்கம் ஒழுங்காக இருக்கிறது. இன்னொன்று, குட்டைக் கயிறு போட்டதிலிருந்து மூக்கில் நோஸ் பேட் பதிந்த தடம் ஆழமாக விழுகிறது.

கறுப்புடேப்:

திரும்புறதுக்குக் காரணம் பெரும்பாலும் கயிற்றோட முறுக்கு. கயிறு சுருளா வாங்கினதுன்னா அந்தச் சுருள் முறுக்கு உள்ளேயே இருக்கும், ஒரு பக்கத்தைக் கழற்றித் தொங்க விட்டுப் பாருங்க, தானா சுத்தும். சுத்தி நின்னதுக்கு அப்புறம் மாட்டுங்க. அப்பவும் திரும்பினா உங்க மூங்கில் குச்சி உருண்டையா இருந்திருக்கும். கம்பி தட்டை, குழாய் உருண்டைன்னா நாலு மூலைதான் தொடும், நடுவுல இடைவெளி. குச்சியைத் தட்டையாத் தேய்ச்சு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதுசாச் செய்ங்க. ஒரு தடவை சுருங்கின ட்யூப் மறுபடி விரியாது, பழசைத் திருத்தப் பார்க்காதீங்க.

முடிச்சுப்பெட்டி:

நோஸ் பேட் தடம் என்றால் கயிறு குட்டை. குட்டைக் கயிற்றின் வேலை கண்ணாடியைப் பின்னால் இழுப்பது அல்ல, முன்னால் போகாமல் நிறுத்துவது. நேராகப் பார்க்கும்போது கயிற்றுக்கும் பின்மண்டைக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். எப்போதும் இழுபட்டே இருந்தால் கம்பிகள் உள்நோக்கி வளையும், கீல் ஸ்க்ரூ தளரும், லென்ஸும் கண்ணுக்கு அருகே வரும். பைஃபோக்கலில் அந்த இரண்டு மி.மீ. கூடத் தெரியும். முதலில் கண்ணாடிக் கடையில் கொடுத்து, காதுக்குப் பின்னால் வரும் வளைவைச் சரிபண்ணச் சொல்லுங்கள். வளைவு காதோடு பொருந்தாத கண்ணாடிதான் பெரும்பாலும் நழுவுகிறது. பொருந்திவிட்டால் கயிறு துணைக்கு மட்டும்.

உப்புக்காற்று:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபைபர் படகில் போகிறவர்களுக்கு இதே கயிறு போதுமா? விழுந்தால் மிதக்க வேண்டும்.

தச்சுப்பட்டறை:

மிதவை சேர்க்க வேண்டும். கணக்கு சுலபம். பிளாஸ்டிக் லென்ஸும் பிளாஸ்டிக் பிரேமும் தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கனம், அடர்த்தி 1.2, 1.3 அளவில். 25 கிராம் கண்ணாடி தண்ணீருக்குள் 6 கிராம் மாதிரிதான் கீழே இழுக்கும். மெட்டல் பிரேம் அப்படி இல்லை. இரும்பு தண்ணீரை விட எட்டு மடங்கு கனம் என்பதால் பிரேமின் எடை கிட்டத்தட்ட முழுதாக இழுக்கும், மொத்தம் 14 கிராம் வரை போகலாம். இருபது கிராம் தூக்குகிற மிதவை கட்டினால் கவலையில்லை.

நல்ல கார்க் என்றால் 25 கன செ.மீ. வேண்டும், ஒரு பாட்டில் கார்க்கை விடச் சற்றுப் பெரியது. ஒரே கட்டையாக வைத்தால் பிடரியில் உறுத்தும், மூன்று துண்டாக்கி நடுவில் துளைபோட்டுக் கயிற்றில் கோத்துவிடுங்கள். பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டியும் செய்யலாம், ஆனால் செருப்புக்குச் செருப்பு அடர்த்தி வேறு. வலைக்குக் கட்டுகிற சின்ன மிதவை கிடைத்தால் அதுவே மேல். தெர்மோகோல் நன்றாக மிதக்கும், இரண்டே நாளில் உதிரும். நிறம் ஆரஞ்சு அல்லது மஞ்சள், நீலமும் வெள்ளையும் அலையில் தெரியாது.

கட்டி முடித்ததும் வாளித் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். கயிறு தண்ணீரைக் குடித்த பிறகும் மிதந்தால் கடலில் கட்டாயம் மிதக்கும், உப்புத் தண்ணீர் கூடுதலாகத் தூக்கும். கரைக்கு வந்ததும் கண்ணாடியையும் கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்புப் பொடி படிந்த கயிறு லென்ஸில் உரசினால் கீறும்.

தையல்மிஷின்:

பந்து விளையாடுற பசங்களுக்கு யாராச்சும் இதைப் படிச்சுட்டுச் செய்யப் போறீங்கன்னா, கழுத்துக் கயிறு வேண்டாம், எலாஸ்டிக் போடுங்க. கால் இஞ்ச் எலாஸ்டிக், பின்மண்டை அளவு 22 செ.மீ. வந்தா எலாஸ்டிக் 18 செ.மீ. வெட்டினாப் போதும், ரெண்டு நுனியும் மடிச்சுத் தைக்கத் தனியா ஒண்ணரை ஒண்ணரை செ.மீ. அதுக்கு மேல குறைச்சா பிள்ளைக்குத் தலை வலிக்கும், காதுக்குப் பின்னால தடம் விழும்.

எலாஸ்டிக்கை முடிச்சு போடாதீங்க, முடிச்சுக்குள்ள ரப்பர் இழை அறுந்து அங்கேயே தொய்ஞ்சுடும். நுனியை மடிச்சு, கம்பி அகலத்தை விட ஒரு மயிரிழை குறைவா ஒரு குழல் மாதிரி விட்டு, ஜிக்ஜாக் தையல். நேர்த் தையல் போட்டா எலாஸ்டிக் நீளும்போது நூல் பட்டுனு அறுந்துடும். மிஷின்ல ஜிக்ஜாக் இல்லேன்னா கையால பின்தையல் போடுங்க, தைக்கும்போது எலாஸ்டிக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கணும். கம்பியில ஒரு துண்டு வால்வ் ட்யூபை ஏத்திட்டு, அது மேல குழலை மாட்டினா நழுவாது.

பிளாஸ்டிக் இல்லாம நிஜக் கண்ணாடியில செஞ்ச லென்ஸ் போட்ட பையனுக்கு இதைக் கட்டவே கூடாது. பந்து பட்டா கழன்று விழுறதுதான் அப்ப நல்லது. கட்டி வெச்சா அந்த அடி முழுசும் முகத்துல இறங்கும். பாலிகார்பனேட் (லேசுல உடையாத பிளாஸ்டிக்) லென்ஸ் போட்டிருந்தா மட்டும் எலாஸ்டிக். எலாஸ்டிக் தொய்ஞ்சிருக்கான்னு பார்க்க, கழற்றி 18 செ.மீ. இருக்கான்னு ஸ்கேல்ல வைங்க. 20 ஆயிருந்தா புதுசு தைச்சுடுங்க.